‘ரன்’ என்றால் ‘ஓடு’ மட்டும்தானா?

கேள்வி இதுதான்: “என் மேலாளர் ஒரு மின்னஞ்சலில் ‘ஐ வில் ரன் இட் பை ஹெர் டுமாரோ’ என்று எழுதியிருந்தார். ரன் என்றால் ஓடு என்றுதான் படித்திருக்கிறேன். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?”

எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின. பெயர்ச்சொல்லாக வருவது தனிக் கணக்கு. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. அதற்குச் சுமார் 430 பொருள். பொது அறிவுப் புத்தகங்கள் பலவற்றில் இன்னும் அந்தப் பழைய விடைதான் இருக்கிறது.

ஆனால் 645 என்பது அகராதிக்காரரின் எண்ணிக்கை. மீன் கூட்டமாக ஆற்றில் ஏறுவது ஒன்று, கப்பல் காற்றோடு போவது ஒன்று, கையெழுத்துப் பிரதியில் வரி எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒன்று என்று அவர் தனித்தனியாக எண்ணியே ஆக வேண்டும், அது அவர் வேலை. ஆங்கிலம் பேசிப் பிறந்தவர் மண்டைக்குள் 645 அறைகள் கிடையாது. அவரிடம் ஒரே ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் உங்களிடமும் பாதிக்கு மேல் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. ‘ஓடு’ என்று நீங்கள் படித்தது தப்பில்லை. ‘ஓடு’ என்ற தமிழ்ச் சொல்லை நீங்களே முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தமிழ் கற்க வந்த ஒருவருக்கு ‘அடி’ என்றால் தாக்குவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். அவர் வெளியே போகிறார். வெயில் அடிக்கிறது. காற்று அடிக்கிறது. சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஒருவன் நீச்சல் அடிக்கிறான், ஒருவன் அரட்டை அடிக்கிறான், இன்னொருவன் கண் அடிக்கிறான். பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள். காய்ச்சல் அடிக்கிறது, வாடை அடிக்கிறது, மணி அடிக்கிறது, அதிர்ஷ்டம்கூட அடிக்கிறது. பாவம், இந்த ஊரில் யாரும் யாரையும் விட்டுவைப்பதில்லை என்று நினைப்பார். நமக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை, ஏனென்றால் நாம் இவற்றைப் பட்டியலாகப் படிக்கவில்லை. ‘ரன்’னும் அவர்களுக்கு அப்படித்தான்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். இப்போது ‘ரன்’ என்று ஒரே உருவில் இருக்கும் சொல், பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ஒன்று ‘ரின்னன்’: தானாக ஓடுவது, வழிந்தோடுவது. மற்றொன்று ‘எர்னன்’: ஓடச் செய்வது, குதிரையை விரட்டிச் செல்வது. முதலாவது ஓடு, இரண்டாவது ஓட்டு. நம்மிடம் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது: ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு, வாடு–வாட்டு. ஆங்கிலத்திலும் இதே வழக்கத்தின் எச்சங்கள் உண்டு. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. ‘ரைஸ்’ என்றால் எழு, ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்பு. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. (முன்னாள் சாம்பியன் ‘செட்’டும் இந்த வகையிலிருந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள்.) ஆனால் ஓடுவதற்கும் ஓட்டுவதற்கும் இருந்த இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒலியில் நெருங்கி, ஸ்காண்டினேவிய மொழியின் ஒத்த சொற்களும் வந்து கலந்து, ஒன்றாகிவிட்டன. அன்றிலிருந்து ‘ரன்’ இரட்டைச் சுமை சுமக்கிறது.

இது புரிந்துவிட்டால் பாதி அகராதி அடங்கிவிடும். ‘ரன்’ என்பதற்குப் பின்னால் செயப்படுபொருள் இல்லையா, ‘ஓடு’ என்று வைத்துப் பாருங்கள். செயப்படுபொருள் இருக்கிறதா, ‘ஓட்டு’ என்று வைத்துப் பாருங்கள். ‘தி எஞ்சின் இஸ் ரன்னிங்’, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ரன் தி எஞ்சின்’, எஞ்சினை ஓட்டு. ‘இட் ரன்ஸ் ஆன் பேட்டரி’, பேட்டரியில் ஓடுகிறது. ‘பஸ்சஸ் ஆர் நாட் ரன்னிங் டுடே’, இன்றைக்குப் பேருந்து ஓடாது. ‘தி ப்ளே ரேன் ஃபார் ஹண்ட்ரட் டேஸ்’, நாடகம் நூறு நாள் ஓடியது. ‘ஷி ரேன் ஹெர் ஐஸ் ஓவர் தி பேஜ்’, பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டினாள். ‘தே ரேன் அவே’, ஓடிப்போய்விட்டார்கள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போனார்கள் என்ற உட்பொருள் உட்பட அப்படியே வருகிறது. இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

‘ரன் எ கம்பெனி’ என்பதில்தான் ஒரு சின்ன வேடிக்கை. ஆங்கிலத்தில் நிறுவனத்தை ஓட்டுகிறார்கள், தமிழில் நடத்துகிறோம். நட என்பதன் பிறவினைதான் நடத்து. அவர்கள் ஓடவைப்பதை நாம் நடக்கவைக்கிறோம். பள்ளி, கூட்டம், விடுதி, பயிற்சி வகுப்பு எல்லாம் நமக்கு நடத்துவதுதான். அதே இடத்தில் ‘ஓட்டு’ போட்டால் தொனி மாறிவிடும். ‘கம்பெனியை நடத்துகிறேன்’ என்பவர் முதலாளி. ‘கம்பெனியை ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்பவர் அடுத்த மாதச் சம்பளத்துக்கு யோசிப்பவர். ‘காலத்தை ஓட்டுகிறேன்’, ‘குடும்பத்தை ஓட்டுகிறேன்’ என்பதிலெல்லாம் அந்தப் பெருமூச்சு இருக்கிறது. ஆங்கில ‘ரன்’னில் அது கிடையாது. அதனால் ஒருவர் ‘ஐ ரன் எ ஸ்கூல்’ என்றால் அனுதாபப்பட வேண்டாம். இன்னொன்று: ‘ரன்’ என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை. ‘ஷி ஓன்ஸ் இட், ஹி ரன்ஸ் இட்’ என்றால் உடைமை அவளுடையது, நிர்வாகம் அவனுடையது.

முதல் சொல்லான ‘ரின்னன்’ பற்றி இன்னும் கொஞ்சம். அதில் ‘வழிந்தோடுவது’ என்ற பொருள் வலுவாக இருந்தது. அதன் ஜெர்மன் உறவான ‘ரின்னென்’ இன்றும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் நீர்மமாக இருக்கும் எதுவும் ‘ரன்’ ஆகும். ஆறு, குழாய், கண்ணீர், மூக்கு, துணியின் சாயம், எரியும் மெழுகுவர்த்தியின் மெழுகு, எல்லாவற்றுக்கும் ஒரே வினை. இங்கே தமிழ் அவர்களைவிடப் பணக்கார மொழி. ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், கண்ணீர் வழியும், மெழுகு உருகி வடியும், சாயம் போகும் அல்லது இறங்கும். ஆகவே ‘ரன்’னைத் தமிழாக்கும்போது எல்லாவற்றையும் ‘ஓட’விட்டால் மூக்கு ஓடிப்போய்விடும். ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வசதிதான், ஐந்தாறு வினைகளுக்குப் பதில் ஒன்று போதும். ‘ரன் எ பாத்’ என்று வந்தால் குளியல் தொட்டியில் நீர் நிரப்புவது. பாலைத் திரியவைத்துச் சீஸ் செய்யப் பயன்படும் ‘ரென்னட்’டும் இந்தக் குடும்பம்தான், ஓடி ஒன்றாகச் சேர்ந்து கெட்டிப்படுவது என்ற பழைய பொருளின் மிச்சம்.

நீர் ஓடுவதிலிருந்து மற்றவை ஓடுவதற்கு நம் மொழியும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. நீரோட்டம், இரத்த ஓட்டம், மின்னோட்டம், எண்ண ஓட்டம். இலங்கைத் தமிழில் வயிற்றோட்டம் என்கிறார்கள். ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் அதற்கு ‘தி ரன்ஸ்’ என்றே பெயர். புதிதாகச் செய்ததைச் சோதித்துப் பார்ப்பது நமக்கு வெள்ளோட்டம், அவர்களுக்கு ‘ட்ரையல் ரன்’. ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்பதை நாம் ‘இரத்தத்திலேயே ஓடுது’ என்போம். திருக்குறளின் 58-வது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அங்கே அதன் பொருள் இரக்கம். பார்வை இன்னொருவர் பக்கம் ஓடுவதையே இரக்கம் என்று வைத்த மொழிக்காரர்கள் ‘ரன்’னைக் கண்டு மிரளக் கூடாது.

ஒரு இடைச்செருகல். மின்னோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘கரண்ட்’ என்கிறோம் அல்லவா, அதுவும் ஓடுவதுதான். லத்தீனில் ஓடு என்பதற்கு ‘குர்ரேரே’. அதிலிருந்து வந்தவை கரண்ட், கரன்சி, கோர்ஸ், கூரியர், கரிக்குலம், காரிடார். கணினித் திரையில் கண் சிமிட்டும் கர்சர் என்பதன் நேர்ப்பொருள் ஓட்டக்காரன். ஆங்கிலம் தன் சொந்த ஓட்டத்தை 645 விதமாகப் பயன்படுத்தியும் போதாமல் வெளியிலிருந்தும் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறது.

சரி, அடுத்தது அசையாமல் ஓடுபவை. ‘தி ரோட் ரன்ஸ் அலாங் தி ரிவர்’. சாலை எங்கும் ஓடவில்லை, படுத்துக் கிடக்கிறது. ஆனால் அதன் நீளத்தில் நம் கண் ஓடுகிறது. தமிழில் சாலை ‘போகிறது’. ஆனால் கையில் நரம்பு ஓடுகிறது, உள்ளங்கையில் ரேகை ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, மண்ணுக்குள் வேர் ஓடியிருக்கிறது. வேலி, கம்பி, எல்லைக்கோடு, மலைத்தொடர் என்று நீளவாக்கில் கிடக்கும் எல்லாமே ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகும். கட்டடக்காரர்கள் படிக்கட்டில் ஒரு படியின் உயரத்தை ‘ரைஸ்’ என்பார்கள், கால் வைக்கும் கிடைமட்ட ஆழத்தை ‘ரன்’ என்பார்கள். கணக்கு வகுப்பில் சரிவைக் கண்டுபிடிக்க ‘ரைஸ் ஓவர் ரன்’ என்று சொல்லிக்கொடுப்பதும் இதுதான். இடத்தில் நீள்வது போலவே காலத்தில் நீள்வதும்: ‘தி காண்ட்ராக்ட் ரன்ஸ் டில் 2030’ என்றால் ஒப்பந்தம் அதுவரை செல்லும். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தான் என்பதல்ல, தொடர்ந்து மூன்று நாள்.

இயந்திரங்கள் பெருகியபோது இந்தச் சொல் ஒரேயடியாக வீங்கியது. நீராவி எஞ்சின், ரயில், ஆலை, கடிகாரம், அச்சு இயந்திரம் எல்லாம் ஓடத் தொடங்கின. அவற்றை ஓட்ட ஆட்கள் வந்தார்கள். பிறகு கணினி. 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில், நிரலை எழுதி முடித்து ‘ரன்’ என்று தட்டினால் அது இயங்கும். இன்று எந்த மென்பொருளாளரும் நிரலை ‘இயக்கு’ என்று வாயால் சொல்வதில்லை, ‘ரன் பண்ணு’ என்றே சொல்கிறார். சோதனை, கணக்கெடுப்பு, விளம்பரம், செய்தி எல்லாவற்றுக்கும் இந்த ‘ரன்’ பொருந்தும். ‘ரன் எ டெஸ்ட்’, ‘ரன் தி நம்பர்ஸ்’, ‘தி பேப்பர் ரேன் தி ஸ்டோரி’.

இதுவரை சொன்னவை எளிது. உங்கள் உழைப்பு தேவைப்படும் இடம், ‘ஓடு’ம் ‘ஓட்டு’ம் கைவிடும் இடம். அங்கேதான் அகராதியைத் திறக்க வேண்டும்.

தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், ‘ரன் ஃபார் பிரசிடெண்ட்’. பிரிட்டனில் நிற்கிறார், ‘ஸ்டாண்ட் ஃபார் பார்லிமெண்ட்’. தமிழிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். அதனால் ‘ஹி இஸ் ரன்னிங் இன் தி எலெக்ஷன்’ என்பது நமக்குச் சட்டென்று மண்டையில் ஏறாது. போட்டியைப் பந்தயமாகப் பார்த்தால் ஓட்டம், தன்னை முன்னிறுத்துவதாகப் பார்த்தால் நிற்றல். முதல் சுற்றில் யாருக்கும் தேவையான வாக்கு கிடைக்காமல் நடக்கும் இரண்டாம் சுற்றுக்கு ‘ரன்-ஆஃப்’ என்று பெயர். (நாம் போடும் ‘ஓட்டு’க்கும் இந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அது ‘வோட்’ என்பதன் தமிழ் உரு.)

அப்புறம் காய்ச்சல். நமக்கு அடிக்கிறது, அவர்கள் ‘ரன் எ ஃபீவர்’ என்கிறார்கள். ‘ரன் எ ரிஸ்க்’ என்றால் ஆபத்துக்கு உட்படுவது. ‘ரன் எர்ரண்ட்ஸ்’ என்றால் வெளி வேலைகளை முடித்துவருவது. ‘ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்’ என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

இதைவிட முக்கியமான ஒரு அமைப்பு உண்டு, பாடப்புத்தகங்கள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. ‘ரன்’ என்பதற்குப் பின்னால் நேராக ஒரு பெயரடை வந்து நிற்கும். ‘ரன் ட்ரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’, ‘ரன் வைல்ட்’, ‘ரன் லேட்’, ‘ரன் ஹை’, ‘ரன் டீப்’. இங்கே ‘ரன்’ என்பது ‘ஆகு’ அல்லது ‘இரு’ என்பதற்கு நிகரானது. ஆனால் ஒரு போக்கில் போய்க்கொண்டிருக்கிறது என்ற நிழல் அதில் உண்டு. ‘தி வெல் ரேன் ட்ரை’, கிணறு வற்றிப்போனது. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’, எனக்குத் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. சொல்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ‘ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்’ என்ற பழமொழியை ஆழமான நீர் ஓடும் என்று சிலர் மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பழமொழி சொல்வது, அசைவில்லாமல் தெரியும் நீர் ஆழமாக இருக்கும் என்பது.

‘ரன் அவுட்’ கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. மணற்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் குடுவையிலிருந்து மணல் வழிந்து, வழிந்து, கடைசித் துகளும் இறங்கிவிட்டது. ஓடி முடிந்துவிட்டது, அதாவது தீர்ந்துவிட்டது. ‘டைம் ஹேஸ் ரன் அவுட்’. இதுவரை தமிழோடு ஒத்துப்போகிறது: நேரம் தீர்ந்தது, மை தீர்ந்தது. சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் தீர்ந்துபோவது மை மட்டுமல்ல, நாமும்தான். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் இங்க்’. எழுவாய் ‘வி’. தமிழில் ‘நாங்கள் மையிலிருந்து தீர்ந்துவிட்டோம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நம்மவர்கள் ‘இங்க் இஸ் ஓவர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். ‘ஓவர்’ என்பது நிகழ்ச்சி முடிவதற்கு: கூட்டம், ஆட்டம், பரீட்சை. கையிருப்பு தீர்வதற்கு ‘ரன் அவுட்’. இது ஒன்றைப் பழக்கிக்கொண்டாலே உங்கள் ஆங்கிலம் ஒரு படி ஏறிவிடும். ‘ஓவர்’ இப்படிக் கண்ட இடத்தில் நுழைவது எனக்குத் தனிப்பட்ட எரிச்சல், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொரு தந்திரக்காரன் ‘ரன் டவுன்’. பேட்டரி ‘ரன் டவுன்’ ஆனால் சக்தி இறங்கிவிட்டது. ஆள் ‘ரன் டவுன்’ என்றால் உடம்பு சோர்ந்துபோயிருக்கிறது. கட்டடம் என்றால் பராமரிப்பில்லாமல் சிதைந்திருக்கிறது. ஒருவரை ‘ரன் டவுன்’ செய்வதில் இரண்டு உண்டு: வண்டியால் மோதித் தள்ளுவது, அல்லது வாயால் மட்டம் தட்டுவது. பட்டியலை ‘ரன் டவுன்’ செய்தால் மேலிருந்து கீழாக ஒரு பார்வை. சேர்த்து எழுதும் பெயர்ச்சொல்லான ‘ரன்டவுன்’ சுருக்கமான விவரம். எல்லாவற்றிலும் ‘கீழே’ என்ற திசை இருக்கிறது. ‘ரன்’னைத் தொடரும் சிறு சொற்களைக் கவனித்தால் பொருள் பெரும்பாலும் அவற்றில்தான் ஒளிந்திருக்கும். ‘ரன் இன்டு’ என்றால் எதிரில் வருவதன் மேல் போய் முட்டுவது: சுவராகவும் இருக்கலாம், பழைய நண்பராகவும் இருக்கலாம், பிரச்சினையாகவும் இருக்கலாம். ‘ரன் அப்’ என்றால் ஏறிக்கொண்டே போவது: கடன், பில். ‘ரன் ஓவர்’ என்றால் மேலே ஏறிப்போவது, விளிம்பைத் தாண்டி வழிவது, ஒதுக்கிய நேரத்தைத் தாண்டுவது. கூட்டம் ‘ரேன் ஓவர்’ என்றால் நேரம் தாண்டியது. நாய் ‘வாஸ் ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிட்டது.

பெயர்ச்சொல்லாக வருபவற்றில் கிரிக்கெட் ரன்னை விட்டுவிடலாம், உங்களுக்கே தெரியும். ஒரு விஷயம் மட்டும். 22 கெஜ நீள ஆடுகளத்தில் இரண்டு மட்டையாளர்களும் முனை மாறி ஓடினால் ஒரு ரன் என்று ஆரம்பித்தது, பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் யாரும் ஓடாமலே நான்கு ரன் என்று ஆகிவிட்டது. ஓட்டம் போய் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘பேங்க் ரன்’ என்பதிலும் இதே கதை. வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுவது அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்த்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது; பெரும்பாலானவர்கள் இருந்த இடத்திலிருந்தே கணினியிலும் கைபேசியிலும் எடுத்தார்கள். அடுத்த நாள் வங்கி மூடப்பட்டது. யாரும் ஓடவில்லை, அதற்கும் பெயர் ‘ரன்’தான்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ‘இன் தி லாங் ரன்’ என்றால் நாளடைவில். ‘ஆன் தி ரன்’ என்றால் தலைமறைவாக. ‘பிரிண்ட் ரன்’ என்றால் ஒரு தடவையில் அச்சிடும் பிரதிகள். ‘சிக்கன் ரன்’ என்றால் கோழிகள் திரிவதற்கு வலை அடித்த இடம். ‘ரன்-இன்’ என்றால் உரசல், வாக்குவாதம். ‘ரன்னர்-அப்’ வேட்டை நாய்ப் பந்தயத்திலிருந்து வந்தது. இறுதிச் சுற்றில் மட்டும் தோற்ற நாய்க்கு அந்தப் பெயர். ‘ரன் அமோக்’ என்பதில் இருக்கும் ‘அமோக்’ மலாய்ச் சொல், வெறிபிடித்துத் தாக்குவது. ‘ரன் தி காண்ட்லெட்’ என்பதைக் கையுறை என்று நினைத்துக் குழம்பாதீர்கள். இரண்டு வரிசை வீரர்களுக்கு நடுவே குற்றவாளியை ஓடவிட்டு இரு பக்கமும் அடிக்கும் இராணுவத் தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் ‘காத்லோப்’ என்று பெயர், ‘லோப்’ என்றாலே ஓட்டம். அது ஆங்கிலக் காதில் விழுந்து, உருமாறி, கையுறையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுவது முதலாவது. ரன், ரேன், ரன் என்பதுதான் வரிசை; ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்தால் மறுபடி ‘ரன்’. இரண்டாவது ‘ரன்னிங் பஸ்’. ‘ரன்னிங்ல ஏறாதே’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், அது நம் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஓடும் பேருந்து ‘மூவிங் பஸ்’. பேருந்து ‘ரன்னிங்’ என்றால் எஞ்சின் இயங்குகிறது, அல்லது சேவையில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கலாம். மூன்றாவது ‘ரன்னிங் நோஸ்’. ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ சரி, ஆனால் பெயரடையாக மூக்குக்கு முன்னால் வைக்கும்போது ‘ரன்னி நோஸ்’ என்பதே அவர்கள் வழக்கு.

கடைசியாக உங்கள் மேலாளரின் வரி. ‘ரன் இட் பை ஹெர்’. ‘பை’ என்றால் இங்கே பக்கமாக, அருகே. கையில் இருக்கும் யோசனையை அவர் கண்ணுக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டுவது, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பது. இதுவும் ‘ஓட்டு’தான், செயப்படுபொருள் ‘இட்’. ஆகவே ‘நாளைக்கு அவரிடம் இதைக் காட்டிக் கருத்துக் கேட்கிறேன்’ என்று அர்த்தம். ‘தி கம்பெனி இஸ் ரன் பை ஹெர்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ‘பை’ என்றால் ‘ஆல்’. நிறுவனம் அவரால் நடத்தப்படுகிறது, அதாவது அவர்தான் நடத்துகிறார். உங்கள் மின்னஞ்சலில் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்பது உள்ளே அடங்கியிருக்கிறது. அவர் பதில் வரும்வரை அந்த வேலையைத் தொடங்காதீர்கள். மறுநாள் மாலைக்குள் ஒன்றும் வராவிட்டால் ‘டிட் யூ கெட் எ சான்ஸ் டு ரன் இட் பை ஹெர்?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம், அதில் அவசரப்படுத்தும் தொனி இருக்காது.